கிரகணத்தன்று அப்பா சாப்பிட்டார்

கிரகணம் பிடித்திருக்கும் நேரத்தில் எங்கள் தெருவில் எல்லோர் கண்ணும் பார்க்க உண்டவர் என் அப்பா ஒருவர்தான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உண்டவர்கள் வேறு சிலர் இருந்திருக்கலாம். அவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. அப்பா தெருமுனையில் மின்கம்பத்துக்கு அருகே பெஞ்சைப் போடுவார். அந்த நாளுக்கென்றே எடுத்துவைத்திருந்த கறுப்புச் சட்டையை அணிந்துகொண்டு, வடையும் சுண்டலும் தேநீருமாக உட்கார்ந்துவிடுவார். அவரைப் போன்ற எண்ணம் கொண்ட நண்பர்கள் சிலர் வந்து சேர்ந்துகொள்வார்கள். கிரகணம் விடும்வரை தின்பார்கள், பேசுவார்கள், போவோர் வருவோரையெல்லாம் அழைப்பார்கள்.

“வாப்பா, ஒரு வட துன்னுட்டுப் போ. உனுக்கு எதுனா ஆச்சின்னா நேரா எங்கிட்ட வந்து கேளு.”

“உனுக்கே எதுனா ஆச்சின்னா நா யாருகிட்டப் போயி கேக்கறது?”

“அப்ப எம் பங்கு வடயயும் நீயே துன்னுடு.”

தெரு சிரிக்கும். சிரித்தவர்களில் ஒருவரும் வடையை எடுக்கமாட்டார்கள். அப்பா அதைப் பொருட்படுத்தியதில்லை. தட்டு காலியாகும்வரை அவரே தின்று தீர்ப்பார். விளக்கம் சொல்வதில் அவருக்கு ஆர்வம் கிடையாது. “நிழலுப்பா, வெறும் நிழலு” என்ற ஒரே வாக்கியத்தோடு அவருடைய வானியல் முடிந்துவிடும். உண்டு காட்டுவதே அவர் வாதம். உண்டவன் மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்திருப்பதே அவர் சான்று.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் கோர்வைச் சேலை ஓடும். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக வருவதைக் கோத்து நெய்ய ஒருவர் போதாது; கரையின் நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறிய இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் என் அம்மா. கிரகணம் தொடங்குவதற்கு வெகுமுன்பே அம்மா நாடாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அப்பாவுக்குத் தனியாக ஓர் அங்குலமும் நெய்ய முடியாது. ஆகவே, கிரகண வேளையிலும் உழைத்துக் காட்ட வேண்டும் என்ற அவருடைய ஆசை ஒருபோதும் நிறைவேறவில்லை.

“கையக் காலக் கட்டிப் போட்டுட்டு எழுந்து போறா பாரு உங்கம்மா.”

“நீங்கதான் தெருவுல துன்றதுக்குப் போவணுமே, போங்க. தறி எங்கயும் ஓடிப் போவாது.”

அம்மா தண்ணீர்க் குடத்திலும் இட்லி மாவிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பைப் புல்லைக் கிள்ளிப் போடுவார். பிறகு பட்டினியாகச் சுவரோரம் உட்கார்ந்து கடவுள் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். கிரகணம் விட்டதும் தலைக்குக் குளித்து, வீட்டைக் கழுவி, புதிதாக உலை வைப்பார். அப்பா வயிறு நிறைந்து திரும்பி வந்து, அந்தப் புதுச் சோற்றையும் ஒரு பிடி உண்பார். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் மனத்தாங்கல் இருந்ததாக நான் கண்டதில்லை.

நான் விவாத மேடையில் வளர்ந்தவள். பள்ளியில் தொடங்கிக் கல்லூரி வரை, எதிரணியில் யார் இருந்தாலும், என் முறை முடிந்து நான் உட்காரும்போது அரங்கம் என் பக்கம் சாய்ந்திருக்கும். பெற்ற கோப்பைகளைத் தறிக்கு மேலேயுள்ள பலகையில் அப்பாவே வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். மூடநம்பிக்கை பற்றிய தலைப்புகளில் கிரகணத்துக்கென்று என்னிடம் ஒரு பத்தி உண்டு. “சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலவு வந்தால் சூரிய கிரகணம், சூரியனுக்கும் நிலவுக்கும் நடுவே பூமி வந்தால் சந்திர கிரகணம். இதில் பாம்புக்கு இடமெங்கே?” என்று கேட்டு நிறுத்துவேன். நிறுத்திய இடத்தில் கைதட்டல் வராமல் இருந்ததில்லை.

அப்பாவின் தொண்டையில் நோய் வந்தது நான் கல்லூரி முடித்த ஆண்டில். முதலில் குரல் கம்மியது. மேடையில் பேசுகிறவளின் அப்பாவுக்கே தொண்டைக் கட்டா என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். பிறகு சோறு இறங்க மறுத்தது. மருத்துவர்கள் பார்த்தபோது அறுத்து எடுக்கும் கட்டத்தைக் கடந்திருந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். மூச்சு முட்டியதால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார்கள். அத்துடன் குரல் நின்றுபோயிற்று. வாய்வழியாக எது கொடுத்தாலும், ஒரு மடக்கு நீரானாலும், நுரையீரலுக்குள் போய்விடும் என்றார்கள். மூக்கிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டு, அதன் வழியே கஞ்சி ஊற்ற அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். தெருவே பார்க்க உண்டவருக்கு உண்ணும் வழி அடைபட்டது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். உறவு இல்லை, அம்மாவுக்கு நெருங்கிய தோழி. அப்பா படுத்த நாளிலிருந்து காய்கறி வாங்கி வருவதும், அம்மா மருத்துவமனையில் தங்கிய நாட்களில் எனக்குச் சோறு போட்டதும் அவர்தான். அவரைத் தீயவர் என்று எழுதினால் நான் பொய் எழுதியவளாவேன். ஆனால் அந்தப் பழிப் பேச்சைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, நான் பின்னால் நிற்பதை அறியாமல், பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார்.

“எத்தினி கிரகணத்துல துன்னாரு! அத்தினியும் தொண்டைல வந்து நின்னுக்கிச்சி பாரு.”

நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

“பெரிம்மா, அப்பாவோட உக்காந்து அவர் ஃப்ரெண்ட்ஸும்தான் சாப்டாங்க. அவங்கல்லாம் நல்லா இருக்காங்களே? அப்பா போட்ட புகையிலைதான் காரணம்னு டாக்டர் சொன்னாரு.”

அவர் திடுக்கிட்டார். ஆனால் பின்வாங்கவில்லை.

“ஏம்மா, புகையில இந்தத் தெருவுல யாரு போடல? பாதிப் பேரு வாய்ல அதக்கிக்கினுதான் தறில உக்காந்துக்கினு இருக்கான். அவுனுங்களுக்கெல்லாம் வந்துச்சா?”

நான் எடுத்த வாளையே அவர் திருப்பிப் பிடித்துவிட்டார். புகையிலை போடும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, ஆனால் வரும் வாய்ப்புக் கூடுகிறது. கிரகணத்தில் உண்பதால் அந்த வாய்ப்பு ஒரு துளியும் கூடுவதில்லை. இதைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

“சரி, மேடைல நிழலுன்னு சொல்றியே, அப்ப மாசா மாசம் வுழணுமா இல்லியா? மாசா மாசம் அமாவாச வருது, மாசா மாசம் பௌர்ணமி வருது. நெழலு மட்டும் ஏன் எப்பனா ஒருவாட்டி வருது? அதுக்கு ஒரு கோவம் வந்தாதான வருது?”

கேள்வி நியாயமானது. அமாவாசைதோறும் நிலவு சூரியன் இருக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. பௌர்ணமிதோறும் பூமி இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு மாதமும் இரண்டு கிரகணங்கள் நிகழ வேண்டும். என் பத்தியில் இதற்கு விடை இல்லை. எந்த அரங்கிலும் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் குடம் நிரம்பி வழிந்தது. நான் என் குடத்தையும் நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரம் முழுவதும் அதைப் படித்தேன். படித்ததைக் கண்ணால் பார்க்காமல் எனக்கு மனம் அடங்கவில்லை. கல்லூரித் தோழி ஒருத்தி ரவிக்கைகளுக்கு ஆரிப் பூத்தையல் வேலை செய்கிறாள். துணியை இழுத்துப் பிடிக்க அவள் வைத்திருந்த மர வளையங்களில் ஒரு ஜோடியை வாங்கி வந்தேன். ஒன்றுக்குள் ஒன்று அமரும் இரண்டு வளையங்கள். வெளிவளையம், நம் கண்ணுக்குச் சூரியன் ஓராண்டில் வானைச் சுற்றிவரும் பாதை. உள்வளையம், நிலவு ஒரு மாதத்தில் சுற்றிவரும் பாதை. நடுவே இருப்பது நாம் நிற்கும் பூமி. இரண்டு வளையங்களும் ஒரே தளத்தில் அமர்ந்திருந்தால் பெரியம்மா சொன்னதுபோல் மாதந்தோறும் நிழல் விழும். ஆனால் நிலவின் வளையம் சற்றே சாய்ந்திருக்கிறது. உள்வளையத்தை விரலால் இலேசாகச் சாய்த்தேன். ஒரு பாதி மேலே ஏறியது. மறுபாதி கீழே இறங்கியது. இரண்டே இடங்களில், நேரெதிராக, வளையங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

விடை அந்த இரண்டு இடங்களில் இருந்தது. பெரும்பாலான அமாவாசைகளில் நிலவு சூரியனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ போய்விடுகிறது. நிழல் பூமியில் படாமல் வெளியில் விழுந்து வீணாகிறது. பௌர்ணமியிலும் அப்படித்தான், பூமியின் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ நிலவு தப்பிச் செல்கிறது. சூரியன் அந்த வெட்டுமிடங்களில் ஒன்றை நெருங்கியிருக்கும் நாட்களில் வரும் அமாவாசையில்தான் சூரிய கிரகணம். அடுத்த பௌர்ணமிக்கு நிலவு எதிர்ப்பக்கத்து வெட்டுமிடத்தின் அருகே போய்ச் சேரும்போது, அங்கே பூமியின் நிழல் காத்திருக்கும். கிரகணங்கள் பெரும்பாலும் ஜோடியாக வருவது இதனால்தான். நம் முன்னோர் அந்த இரண்டு இடங்களையும் கவனித்திருக்கிறார்கள், பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒன்று ராகு, மற்றது கேது. உடலற்ற நிழல் கிரகங்கள் என்று அவற்றைச் சொன்னது முற்றிலும் பொய்யல்ல. அங்கே உண்மையிலேயே உடல் எதுவும் இல்லை. இரண்டு வழிகள் வெட்டிக்கொள்ளும் வெற்றிடம் மட்டுமே இருக்கிறது. கோபம் கொள்ள அங்கே யாரும் இல்லை.

அந்த வளையங்களைக் கையில் பிடித்திருந்தபோது என் உள்ளத்தில் எழுந்த மகிழ்ச்சியை நான் மறைக்கவில்லை. பக்கத்து அறையில் அப்பாவின் கழுத்துக் குழாயிலிருந்து சளி உறிஞ்சும் ஓசை கேட்டது. எழுந்து போய் அம்மாவுக்கு உதவினேன்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் மாலை சூரிய கிரகணம். அதற்கு இரண்டு நாள் முன்பு மூக்குக் குழாய் அடைத்துக்கொண்டதால் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மேற்குப் பார்த்த வராந்தாவில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். கிரகணம் பார்ப்பதற்கான கண்ணாடியை அவர் கண்ணில் பொருத்தினேன். அடையும் சூரியனின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு குறை தெரிந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். வார்டில் இருந்த மற்றவர்களின் துணைக்கு வந்தோர் தட்டுகளை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். செவிலியர் மட்டும் வழக்கமான வேளைக்கு வந்து, வழக்கம்போல் அப்பாவின் குழாயில் கஞ்சியை ஊற்றிவிட்டுப் போனார். ஆக, அந்தக் கிரகணத்திலும் அப்பா உண்டார். ஆனால் அதைத் தெரு பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய அன்றே அம்மாவின் காதில் அது விழுந்தது. இந்த முறை பெஞ்சு போடவில்லையே, ஆள் பயந்துவிட்டார், பட்ட பிறகுதான் புத்தி வந்திருக்கிறது என்று குழாயடியில் பேச்சு. அம்மா அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர் கோபத்தோடு சொல்லிவிட்டார்.

நண்பர் போன பிறகு அப்பா கைபேசியை எடுத்தார். பேச்சு நின்ற நாளிலிருந்து சொல்ல வேண்டியதை அதில் தட்டிக் காட்டுவார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “பௌர்ணமிக்கு பெஞ்ச் போடணும்” என்று இருந்தது.

அடுத்த பௌர்ணமியில் சந்திர கிரகணம். நிலவு எழும்போதே கிரகணத்தோடு எழும் என்று நாங்கள் மூவரும் அறிவோம்.

“இன்னாங்க இது, யாருக்குக் காட்டப் போறீங்க?” என்றார் அம்மா. “பேசவும் முடியாது, முழுங்கவும் முடியாது.”

அப்பா தட்டினார்: “அதுக்குதான்.”

“அவுங்க சொல்றத சொல்லிட்டுப் போறாங்க. நீங்க பேசாத இருங்க.”

அப்பா கழுத்துக் குழாயைச் சுட்டிக் காட்டி, பேசாமல்தானே இருக்கிறேன் என்பதுபோல் கையை விரித்தார். அம்மாவுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

நான் முன்வந்தேன். “நீங்க உக்காந்தா போதும்பா. நான் பேசுறேன். வளையத்தக் காட்டி எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்றேன்.”

அவர் என்னைப் பார்த்தார். தட்டினார். “பேசறது யாரு வேணா பேசலாம். நான் சாப்புடணும். ஒரு துண்டு வட.”

ஒரு துண்டு வடை என்ன செய்யும் என்று மருத்துவர் எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார். அப்பாவுக்கும் சொல்லியிருந்தார். தெருவில் வைத்து மூச்சடைத்து அவர் போய்விட்டால், கிரகணம்தான் கொண்டுபோயிற்று என்று தலைமுறைக்கும் பேசுவார்கள். அதை நான் வாய்விட்டே சொன்னேன். அப்பா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போது நான் புரிந்துகொண்டது இது: தன் உயிரை மீட்டுத் தர அவர் கேட்கவில்லை, அது முடியாதென்று அவருக்குத் தெரியும். தண்டிக்கப்பட்டவர் என்ற பெயரோடு சாகமாட்டேன் என்பது மட்டுமே அவர் கேட்டது.

அந்தப் பௌர்ணமி ஐப்பசிப் பௌர்ணமி. சிவன் கோயில்களில் லிங்கத்தை அன்னத்தால் மூடி வழிபடும் நாள். கிரகணம் வந்ததால் எங்கள் பகுதிக் கோயிலில் அதை முந்தைய நாளே முடித்துவிட்டார்கள். அம்மா கோயிலுக்குப் போய்ப் பிரசாதச் சோறு வாங்கி வந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் கட்டில் அருகே நெடுநேரம் நின்றார். உண்ணச் சொல்லவும் முடியாமல், தான் உண்ணவும் மனமில்லாமல், கடைசியில் எதிர்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் மாலை நண்பர்கள் பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்கள். கறுப்புச் சட்டை அப்பாவுக்குத் தொளதொளவென்றிருந்தது. இருவர் தாங்கிப் பிடித்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்தோம். தட்டில் வடை இருந்தது. வாயில் எதையும் வைக்கமாட்டேன் என்று என்னிடம் தலையசைத்து ஒப்புக்கொண்டிருந்தார். ஆனாலும் அவர் கை தட்டை நெருங்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கையிலேயே நின்றது. அம்மா வீட்டுக்குள் இருந்தார். வழக்கம்போல் தர்ப்பை போட்டு, காலையிலிருந்து பட்டினி.

கிழக்கே மேகம். நிலவு எழ வேண்டிய நேரம் கடந்தும் ஒன்றும் தெரியவில்லை. சிறு கூட்டம் சேர்ந்திருந்தது. பாதிப் பேர் அப்பாவைப் பார்க்க வந்தவர்கள். நான் வளையங்களை உயர்த்திப் பிடித்துப் பேசினேன். மேடைக் குரலை விட்டுவிட்டு, எதிரில் நின்ற பெரியம்மாவுக்காக மட்டுமே பேசினேன். அவர் கேட்ட கேள்விக்கான விடையை, சாய்வையும் வெட்டுமிடத்தையும், அவர் கையிலேயே வளையத்தைக் கொடுத்துச் சாய்க்கச் சொல்லிக் காட்டினேன். அவர் கவனமாகச் சாய்த்துப் பார்த்தார்.

“ஆமாம்மா. மேல போயிடுது, கீழ போயிடுது. ரெண்டு எடத்துலதான் இடிக்குது.”

“அவ்ளோதான் பெரிம்மா. தீபாவளிக்கு மறுநாள் இந்த எடம். இன்னிக்கு அந்த எடம்.”

“சரிதான்” என்றார். குரலில் உண்மையான ஒப்புதல் இருந்தது. அதே மூச்சில் தாழ்ந்த குரலில் கேட்டார்: “அது சரி, உங்கப்பா ஏன் வடய எடுக்காத உக்காந்துக்கினு இருக்காரு?”

அப்போது மேகம் விலகியது. வீடுகளின் மேல்மாடிகளுக்கு மேலே நிலவு வந்தது. ஒரு பக்கம் கடித்தெடுத்ததுபோல் இருண்டிருந்தது. கடித்த விளிம்பு வளைந்திருந்தது. அது பூமியின் விளிம்பு. நாங்கள் நின்றிருந்த தெருவும் அந்த நிழலுக்குள் எங்கோ அடங்கியிருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சிலர் கைகூப்பினார்கள்.

திரும்பிப் பார்த்தபோது அம்மா வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் வடிகட்டிய கஞ்சிக் குவளை. மறு கையில் கஞ்சி ஊற்றும் பெரிய ஊசிக்குழல். கிரகண நேரத்தில் அவர் வாசல் தாண்டியதை நான் கண்டதில்லை. கூட்டம் வழிவிட்டது. யாரையும் பார்க்காமல் நேரே பெஞ்சுக்கு வந்தார். அப்பாவின் மூக்குக் குழாயின் மூடியைத் திறந்து, குழலைப் பொருத்தி, முதலில் நீர் விட்டார். பிறகு குழலை உயர்த்திப் பிடித்துக் கஞ்சியை ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. நிலவு பாதி இருளோடு மேலே நிற்க, கஞ்சி மெல்ல மெல்ல இறங்கியது. குழல் காலியாவதும் அம்மா மறுபடி நிரப்புவதுமாக, குவளை முழுவதும் தீர்ந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடியே இருந்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு நிதானமாக உண்டு நான் பார்த்ததில்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் ஆள் கேட்டார்.

“டியூப்ல போனா அது துன்னதாப்பா?”

அப்பா சிரித்தார். குரல் இல்லாததால் தோள்கள் மட்டும் குலுங்கின. கழுத்துக் குழாயில் காற்று விசில் அடித்தது. கேட்டவரை நோக்கித் தட்டை நீட்டினார், நீ தின்று காட்டு என்று. அந்த ஆள் கூட்டத்துக்குள் மறைந்துகொண்டார். பலர் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார், உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார். கிரகணம் விட்டு, தலைக்குக் குளித்து, வீட்டைக் கழுவிய பிறகே ஒரு வாய் நீர் குடித்தார். ஏனம்மா வந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, “பயந்துட்டாருன்னு சொல்றாங்கம்மா. அவுரு பயந்தாரா?” என்று மட்டும் சொன்னார்.

அப்பா தை மாதத்தில் போனார். நெஞ்சில் சளி கட்டி, மருந்துக்கு அடங்காமல், ஒரு பிற்பகலில் மூச்சு நின்றது. நோயின் இறுதியில் இப்படித்தான் நேரும் என்று மருத்துவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிகள் அன்று எங்கள் தெருவில் ஓடவில்லை. இறுதி ஊர்வலத்தில் பெரிய கூட்டம். கிரகணத்தில் தின்றதால் செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு உண்மையிலேயே நின்றுவிட்டிருந்தது. அப்பா வென்றுவிட்டார் என்றே நினைத்தேன்.

துக்கம் விசாரிக்க வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஒருத்தி மற்றவளிடம் கேட்டாள்.

“கட்டின பொண்டாட்டியே கிரகணத்துல கஞ்சி ஊத்துனாளாமே?”

“ஆமாங்கறேன், நடுத்தெருவுல வச்சி. அதுக்கப்பறம் அவுரு எழுந்திருக்கவே இல்லியாம்.”

அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். பழி மறையவில்லை, ஒருவர் தோளிலிருந்து இறங்கி இன்னொருவர் தோளில் ஏறியிருந்தது. நான் எழுந்தேன். வாழ்நாளில் நான் பேசியவற்றுள் மிகக் கூர்மையான பேச்சு அன்றைக்குத்தான் வந்திருக்கும். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“வந்தவங்கள ஒண்ணும் சொல்லாதம்மா.”

அதற்குப் பிறகு தறி சும்மா கிடந்தது. பக்கத்துத் தெருவில் வேறொருவர் தறியில் கரைநாடா எறிய அம்மா போய்வந்தார். மாலையில் திரும்பி வந்து, நான் எதிர்பாராத நேரங்களில், தான் கஞ்சி ஊற்றியதால்தான் அப்பா போனாரா என்று கேட்பார். நான் விளக்குவேன். வளையங்களை எடுப்பேன். ஒரு மாதத்துக்குள் அம்மாவுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. ஒருநாள் பெரியம்மாவின் மருமகளுக்கு, சூரிய கிரகணத்துக்கும் சந்திர கிரகணத்துக்கும் நடுவில் ஏன் பதினைந்து நாள் என்பதை அவர் பிழையில்லாமல் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இனி கேட்கமாட்டார் என்று நம்பினேன்.

அன்று மாலையே கேட்டார்.

“நா ஊத்துனதாலியா?”

“அம்மா, ஆஸ்பத்திரில சூரிய கிரகணத்தப்போ நர்ஸும்தான் ஊத்துனாங்க. அதுக்கப்பறம் இன்னா ஆச்சி?”

“அது அவுங்க. நா அவரு பொண்டாட்டி.”

“நிழலுக்கு யாரு பொண்டாட்டின்னு தெரியுமாம்மா?”

“தெரியாது. நிழலு நிழலுதான். நீ சொன்னது அத்தனையும் எனுக்குப் புரியுது. அது யாரையும் ஒண்ணும் பண்ணாது, அதுவும் தெரியுது.” தறியின் பக்கம் திரும்பினார். “நா கேக்கறது வேற. அன்னிக்கு நா வெளிய வராத இருந்திருந்தா, இன்னும் ஒரு மாசம் இருந்திருப்பாரா? நா ஊத்தி முடிக்கிற வரிக்கும் குளிர்ல உக்காந்து இருந்தாரே. அத சொல்லு.”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். நோய் முற்றியிருந்தது, மருத்துவர்கள் முன்பே சொன்னார்கள், கிரகணத்துக்கும் தை மாதத்துக்கும் இடையே எவ்வளவு நாள் என்று வாதங்கள் வரிசையாக வந்து நின்றன. அடுத்த நூறாண்டில் எந்த ஊரில், எந்த நொடியில் நிலவின் நிழல் விழும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல முடிகிறது. என் அப்பா இன்னும் ஒரு மாதம் இருந்திருப்பாரா என்பதைச் சொல்ல எந்தக் கணக்கும் என்னிடம் இல்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பொய்யான உறுதியோடு பேச எனக்கு மனம் வரவில்லை.

“தெரியலம்மா” என்றேன்.

அம்மா தலையசைத்தார். அதுவரை நான் சொன்ன எந்தப் பதிலுக்கும் பிறகு அவர் மீண்டும் கேட்டிருக்கிறார். இதற்குப் பிறகு கேட்கவில்லை. அருகில் வந்து உட்கார்ந்து என் தோளில் சாய்ந்தார். அப்பா போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதார்.